ஸ்கந்தபுரத்துக் கைத்தொலைபேசியும் வளாகத்தின் கதவும்

பல்கலைக்கழக வளாகமொன்றின் கம்பியில்லா இணையத்தை எவ்வாறு காப்பது, எந்தக் கருவிகளை அதற்குள் அனுமதிப்பது என்பன கணினிப் பொறியியலாளர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய விடயங்கள் என்று நண்பர்கள் பலர் கருதுகின்றார்கள். பத்திரிகையாளனுக்கு அங்கே என்ன வேலை என்று ஒருவர் நேரடியாகவே கேட்டார். வன்னியைப் பொறுத்தவரை, எவர் உள்ளே வரலாம், எவர் வெளியே நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கும் எந்த ஏற்பாடும் வெறும் தொழில்நுட்ப ஏற்பாடு அல்ல. வன்னியில் 'பாஸ்' என்ற சொல்லுக்கு நீண்ட வரலாறு உண்டு. வெளியேற ஒரு பக்கத்தாரின் பாஸ், வவுனியாவில் தங்க மறுபக்கத்தாரின் பாஸ் என்று வருடக்கணக்காக வரிசையில் நின்ற மக்களின் பிள்ளைகள்தாம் இன்று வளாகங்களில் 'பாஸ்வேர்ட்' கேட்டு நிற்கின்றார்கள்.

சில காலத்துக்கு முன்னர் ஸ்கந்தபுரத்தில் உறவினர் ஒருவரின் வீட்டில் இரண்டு நாட்கள் தங்க நேர்ந்தது. அந்த வீட்டின் மூத்த பெண் வன்னியிலுள்ள உயர்கல்வி நிறுவனமொன்றில் படிக்கின்றார். நிறுவனத்தின் பெயர் இங்கே அவசியமில்லை. இத்தகைய காரியம் எந்த நிறுவனத்திலும் நடக்கக்கூடியதே. அவரிடமிருந்தது இலண்டனிலுள்ள மாமா பாவித்துவிட்டு அனுப்பிய ஐபோன் 6. மூலையில் கண்ணாடி வெடித்திருந்தாலும் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் வளாகத்துக்குள் அது இணையத்தோடு இணைவதில்லை. கடந்த தவணையில் இணைந்ததாம். விடுமுறை முடிந்து போனபோது இணையவில்லையாம். விசாரித்தபோது, பாதுகாப்பை உயர்த்தியிருக்கின்றோம், புதிய கருவியொன்றை வாங்குங்கள் என்று ஆங்கிலத்தில் ஓர் அறிவித்தலைக் காட்டியிருக்கின்றார்கள்.

"பிழை என்ரை ஃபோனிலையாம் பெரியப்பா" என்றார் அந்தப் பிள்ளை. கூறிய விதத்தில் கோபம் இருக்கவில்லை. தன்னிடம் ஏதோ குறை இருப்பதாக ஏற்றுக்கொண்ட தொனிதான் இருந்தது. அதுவே என்னை உறுத்தியது.

ஸ்கந்தபுரத்தை அறியாத வாசகர்களுக்காக ஓரிரு வரிகள். கிளிநொச்சி நகருக்கு மேற்கே, அக்கராயன்குளத்தை அண்டிய குடியேற்றக் கிராமம் அது. 1996 இல் 'சத்ஜய' படை நடவடிக்கையின்போது கிளிநொச்சி நகரம் வெறுமையானபோது, அங்கிருந்து வெளியேறிய பெருந்தொகையான மக்கள் ஸ்கந்தபுரத்திலும் அக்கராயனிலும் மரநிழல்களில் தஞ்சம் புகுந்தனர். மின்சாரம் கிடையாது. பற்றரி கொண்டுவரத் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுழற்றி, பி.பி.சி. தமிழோசையைக் கேட்ட தலைமுறை அது. வெளியுலகத்தோடு தொடர்பு என்பது அந்த மக்களுக்குச் சொகுசு அல்ல. அவர்கள் கால்வலிக்க மிதித்துப் பெற்ற ஒன்று.

அதே கிளிநொச்சி மாவட்டத்தில், ஏ-9 வீதியோரத்தில், அறிவியல் நகர் என்ற பெயருக்கு ஏற்ற காரியம் போருக்குப் பின்னர்தான் முழுமையாக நடக்கத் தொடங்கியது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற்பீடம் 2014 இல் அங்கே மாணவர்களை ஏற்றது. விவசாயபீடமும் தொழில்நுட்பபீடமும் அங்கே இருக்கின்றன. இலங்கை - ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவகம் 2016 இல் திறக்கப்பட்டது. தெற்கே, வவுனியா வளாகம் 2021 ஆகஸ்ட் முதலாம் திகதி தனிப் பல்கலைக்கழகமாயிற்று. ஆக, வன்னியில் இன்று ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கைத்தொலைபேசியோடும் மடிக்கணினியோடும் வகுப்புக்குப் போகின்றார்கள். பாடக்குறிப்பு, ஒப்படை, பரீட்சைப் பெறுபேறு யாவும் இணையத்தில் இருக்கின்றன. கொரோனாக் காலத்தில், 2020 இல், லேர்ன் எனப்படும் இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பின் ஊடாகப் பல்கலைக்கழகங்கள் ஸூம் வகுப்புகளை நடத்தியதும், தொலைத்தொடர்பு நிறுவனங்கள் அவற்றுக்குக் கட்டணம் அறவிடாது விட்டதும் பலருக்கு நினைவிருக்கும். அந்தச் சலுகைக்காலம் போய்விட்டது. இன்று வளாகத்து வைஃபை கிடைக்காத பிள்ளை தன் காசில் டேற்றா றீலோட் செய்துதான் படிக்க வேண்டும்.

இனி, அந்த ஐபோனுக்கு என்ன நேர்ந்தது என்று பார்ப்போம். கம்பியில்லா வலையமைப்பின் பூட்டுகள் காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கின்றன. முதலில் வந்த டபிள்யூ.ஈ.பி. என்ற பூட்டை 2001 இல் ஃப்ளூரர், மன்ரின், ஷமீர் என்ற மூன்று ஆய்வாளர்கள் பயனற்றது என்று நிரூபித்தார்கள். அவசரத்துக்கு 2003 இல் டபிள்யூ.பி.ஏ. வந்தது; 2004 இல் அதன் இரண்டாம் பதிப்பு. இந்த இரண்டாம் பதிப்புத்தான் உலகின் பெரும்பகுதியை நீண்டகாலம் காத்தது. 2017 இல் பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மத்தி வான்ஹோஃப் அதிலும் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார். மென்பொருட் புதுப்பிப்பால் அடைக்கக்கூடிய ஓட்டைதான் அது; ஆனால் புதுப்பிப்பு வராத பழைய தொலைபேசிகளில் அடைபடாமலே இருக்கின்றது. 2018 இல் மூன்றாம் பதிப்பு வந்தது. ஐபோன் 6 இற்கு இந்த மூன்றாம் பதிப்புத் தெரியாது. அப்பிள் நிறுவனம் அந்தத் தொலைபேசியை ஐ.ஓ.எஸ். 12 உடன் நிறுத்திவிட்டது. ஆகவே 'மூன்றாம் பதிப்பு மாத்திரம்' என்று வலையமைப்பை மாற்றிய அன்றே அந்தப் பிள்ளை வெளியே விடப்பட்டார்.

பாதுகாப்பை உயர்த்தியது பிழை என்று நான் கூற வரவில்லை. விடயம் வேறு. மாற்றத்துக்கு முன்னரும் சரி, பின்னரும் சரி, அந்த நிறுவனத்தில் எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல்தான். அந்தக் கடவுச்சொல் எதிர்ப்புறத்துப் போட்டோக்கொப்பிக் கடைக்காரருக்கும் தெரியும். கடந்த ஆண்டு படித்து முடித்துப் போனவர்களுக்கும் தெரியும். புதிய பூட்டு வாங்கிப் போட்டுவிட்டுத் திறப்பை வாசலிலேயே ஆணியடித்துத் தொங்கவிட்டிருக்கின்றார்கள். மூன்றாம் பதிப்பில் ஒரே கடவுச்சொல்லைப் பாவித்தாலும் ஒருவரின் தரவை மற்றவர் ஒட்டுக்கேட்பது கடினம் என்பது உண்மை. ஆனால் அந்தக் கடவுச்சொல் தெரிந்த எவரும் அதே பெயரில் ஒரு போலி வலையமைப்பைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு வளாகத்தில் நடந்து திரியலாம். மாணவர்களின் தொலைபேசிகள் அதனோடு போய் ஒட்டிக்கொள்ளும். ஒருவரை மட்டும் நீக்க வேண்டுமென்றால் எல்லோருடைய கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டும். அப்படி மாற்றினால் மறுநாள் காலையில் போட்டோக்கொப்பிக் கடைக்குப் புதியதும் வந்துவிடும்.

இதற்கு உலகம் கண்டுபிடித்த வழி புதியதல்ல. ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு கடவுச்சொல். கனடாவிலும் பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியிருக்கும் வாசகர்கள் 'எடுரோம்' என்ற பெயரை அவர்களின் தொலைபேசியில் கண்டிருப்பார்கள். 2002 இல் நெதர்லாந்தைச் சேர்ந்த கிளாஸ் வியரெங்கா முன்வைத்த யோசனை அது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் இயங்குகின்றது. இலங்கையில் அதனை ஒருங்கிணைப்பது லேர்ன். யாழ்ப்பாணத்து மாணவர் ஒருவர் பேராதனைக்குப் போனால், பேராதனையின் வலையமைப்பு அவரது கடவுச்சொல்லைப் பார்ப்பதில்லை. 'இவர் உங்கள் பிள்ளையா?' என்று யாழ்ப்பாணத்துச் சேவையகத்தைக் கேட்கின்றது. ஆம் என்று பதில் வந்தால் கதவைத் திறக்கின்றது. ஊரில் தெரியாத ஒருவர் வந்தால் 'ஆற்றை பிள்ளை நீ?' என்று கேட்கும் அதே நடைமுறைதான். அழகான ஏற்பாடு. நமது பாஸ் நடைமுறையை வகுத்தவர்களுக்கு இந்த அழகு ஒருபோதும் தோன்றவில்லை.

முக்கியமான ஒன்று: இத்தகைய தனிக்கணக்கு முறை டபிள்யூ.பி.ஏ. இரண்டாம் பதிப்பிலேயே செவ்வையாக இயங்கும். ஐபோன் 6 அதனோடு தாராளமாக இணையும். அதாவது, அந்த நிறுவனம் ஆளுக்கொரு கணக்குக் கொடுத்திருந்தால் பாதுகாப்பும் உயர்ந்திருக்கும், ஸ்கந்தபுரத்துப் பிள்ளையும் உள்ளே இருந்திருப்பார். அவர்கள் தெரிவு செய்ததோ பாதுகாப்பை அரைகுறையாக உயர்த்தி ஏழைப் பிள்ளைகளை முழுமையாக வெளியேற்றும் வழி. அது செலவு குறைந்த வழி என்பது எனக்குத் தெரியும். ஒரு பெட்டியில் ஒரு தெரிவை மாற்றினாற் போதும். தனிக்கணக்கு என்றால் மாணவர் பட்டியலோடு இணைந்த சேவையகம் வேண்டும், அதனைப் பராமரிக்க ஆள் வேண்டும், மறந்துபோன கடவுச்சொல்லை மாற்றிக்கொடுக்க ஒரு மேசை வேண்டும். வன்னியில் அத்தகைய ஆளைப் பிடித்து வைத்திருப்பது எவ்வளவு கடினம் என்பதும் தெரியும். கற்றவர்கள் கொழும்புக்கும் அதற்கு அப்பாலும் போய்க்கொண்டிருக்கின்றார்கள். ஆனால் அந்தச் செலவை நிறுவனம் ஏற்காவிட்டால் அது மறைந்துபோவதில்லை. புதிய தொலைபேசியின் விலையாக அது மாணவரின் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேருகின்றது. 2022 மார்ச்சில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்ட பின்னர், புதிய தொலைபேசி என்பது ஸ்கந்தபுரத்து வீடொன்றில் என்ன பொருள்படும் என்று நான் விளக்கத் தேவையில்லை. ஒரு போக நெல்லின் கணக்கு அது.

தனிக்கணக்கு முறையிலும் ஒரு பொறி உண்டு. தொலைபேசி தான் பேசிக்கொண்டிருப்பது உண்மையான சேவையகத்தோடுதானா என்று சான்றிதழைப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். அதனைச் செய்யாவிட்டால், போலி வலையமைப்பு கடவுச்சொல்லின் தடயத்தை வாங்கிக்கொள்ளும். பெரும்பாலான வளாகங்கள் பாவிக்கும் எம்.எஸ்.சாப் என்ற முறையை 2012 இல் டெஃப்கொன் மாநாட்டில் மொக்ஸி மார்லின்ஸ்பைக்கும் டேவிட் ஹல்ட்டனும் உடைத்துக் காட்டினார்கள். அப்படியிருந்தும் பல வளாகங்களில் மாணவருக்குக் கொடுக்கப்பட்ட அறிவுரை என்ன தெரியுமா? அன்ரொயிட் தொலைபேசியில் சான்றிதழ் என்ற இடத்தில் 'சரிபார்க்க வேண்டாம்' என்பதைத் தெரிவு செய்யுங்கள் என்பதுதான். வீட்டுக்கு யார் வந்தாலும் முகத்தைப் பார்க்காமல் கதவைத் திற என்பதற்கு ஒப்பான அறிவுரை. 2020 டிசம்பரில் கூகுள் நிறுவனம் அன்ரொயிட் 11 இன் ஒரு புதுப்பிப்பில் அந்தத் தெரிவையே எடுத்துவிட்டது.  பழைய தொலைபேசி வெளியே நிற்பது போய், புதிய தொலைபேசி வெளியே நின்றது! ஆகவே பொருந்தாமை என்பது எப்போதும் ஏழையின் பழைய கருவியின் குற்றம் அல்ல. நிறுவனத்தின் சோம்பலும் பொருந்தாமையாக வெளிப்படும். எடுரோம் அமைப்பு இதற்கென்றே இலவசமாக ஒரு செயலியை வைத்திருக்கின்றது. அதனை நிறுவினால் சான்றிதழ் உட்பட எல்லாம் தானாக அமையும். அதன் வழிமுறையைத் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சிட்டு நூலக வாசலில் ஒட்டுவதற்கு எவருடைய அனுமதியும் தேவைப்படாது.

பழைய கருவிகளுக்காக எல்லாவற்றையும் தளர்த்துங்கள் என்று நான் வாதாடுவதாக எவரும் எண்ண வேண்டாம். மிகப் பழைய கருவிகள் மெதுவான வேகத்தில் பேசுகின்றன. ஒரே அலைவரிசையில் ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். ஏ-9 வீதியில் பெட்டியிழுத்துச் செல்லும் உழவு இயந்திரத்தின் பின்னால் யாழ்ப்பாணப் பேருந்து ஊர்வதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். அதற்காக உழவு இயந்திரத்தை வீதியிலிருந்து விரட்டுவதா? அதற்கு ஒரு ஓரம் ஒதுக்கலாம். மலிவான தொலைபேசிகள் பல 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையை மட்டும் அறிந்தவை. அதில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றே மூன்று. புதிய கருவிகளை 5 கிகாஹேர்ட்ஸ் பக்கம் அனுப்பிவிட்டால் அந்த மூன்றும் பழையவர்களுக்குப் போதுமானதாக இருக்கும். கணக்குப் பெயரே கேட்கத் தெரியாத அச்சுப்பொறி, ஆய்வுகூட உணரி, வகுப்பறைத் திரை போன்றவற்றை மாணவர் வலையமைப்பிலிருந்து முற்றாகப் பிரித்துத் தனியே வைக்க வேண்டும். விவசாயபீடமொன்றின் வயலில் மண்ணின் ஈரத்தை அளக்கும் உணரிக்கு வங்கிக்கணக்கு பார்க்கும் தொலைபேசியோடு ஒரே அறையில் என்ன வேலை?

உண்மையாகவே ஆபத்தான பழைய கருவிகள் உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்று ஆண்டுகளான தொலைபேசியில் வைரஸ் புகுந்தால் அது அயலாரையும் தேடும். இதற்கும் வழி உண்டு. கருவிகள் ஒன்றையொன்று பார்க்காதவாறு வலையமைப்பிலேயே தடுப்புச் சுவர் வைக்கலாம். ஒவ்வொன்றும் இணையத்தை மட்டும் பார்க்கும், பக்கத்துக் கருவியைப் பார்க்காது. பெரும்பாலான கருவிப் பெட்டிகளில் இது ஏற்கெனவே இருக்கும் வசதி. இயக்கிவிடுவதுதான் பாக்கி.

இன்னொரு விடயத்தில் எனக்குக் கூடுதலான கவலை. சில நிறுவனங்கள் தனிக்கணக்குக்குப் பதிலாகக் கருவியைப் பதிவு செய்கின்றன. ஒவ்வொரு தொலைபேசிக்கும் உரிய மக் முகவரி என்ற இலக்கத்தை மாணவரின் பெயரோடு எழுதி வைத்துக்கொள்கின்றன. தொழில்நுட்ப ரீதியில் இது காலாவதியான முறை. 2019 இல் அன்ரொயிட் 10 உம், 2020 இல் ஐ.ஓ.எஸ். 14 உம் வந்த பின்னர் தொலைபேசிகள் அந்த இலக்கத்தை மறைத்துப் பொய்யிலக்கம் காட்டுகின்றன. அந்த வசதியை நிறுத்திவிட்டு வாருங்கள் என்று மாணவர்களிடம் சொல்கின்றார்கள். தனியுரிமைக்காக ஏற்படுத்தப்பட்ட வசதியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வா என்பது எனக்குப் பழகிய குரலாகக் கேட்கின்றது. போர் முடிந்த பின்னர் வன்னியில் எத்தனை தடவை குடும்பப் பதிவு எடுத்தார்கள், எத்தனை தடவை வீட்டு வாசலில் நிறுத்திப் படம் பிடித்தார்கள் என்பதை ஸ்கந்தபுரத்தில் எந்த வீட்டிலும் கேட்கலாம். பட்டியல் எதற்கு எடுக்கப்பட்டது, யாரிடம் போனது, எப்போது அழிக்கப்பட்டது என்பது எவருக்கும் தெரியாது.

தனிக்கணக்கு முறையிலும் பதிவேடு உண்டு. யார் எப்போது எந்தக் கட்டடத்தில் இணைந்தார் என்பது சேவையகத்தில் எழுதப்படும். குற்றம் நடந்தால் கண்டுபிடிக்க அது வேண்டும்; மறுக்கவில்லை. ஆனால் அதே பதிவேடு, ஒரு நினைவேந்தல் நாளன்று வளாகத்தின் எந்த மூலையில் யார் யார் கூடியிருந்தார்கள் என்பதையும் சொல்லும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒரு நோக்கத்துக்காகத் திரட்டிய தரவை வேறு நோக்கத்துக்குப் பாவிக்கக் கூடாது, தேவைக்கு மேலான காலம் வைத்திருக்கக் கூடாது என்கின்றது. சட்டம் நிறைவேறிய பின்னரும் அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வருவது பிற்போடப்பட்டு வந்தது நாமறிந்ததே. நிறுவனங்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பதிவேட்டை எத்தனை நாட்கள் வைத்திருப்போம், எவருடைய எழுத்துமூல உத்தரவின்றி எவருக்கும் காட்டமாட்டோம் என்ற இரண்டு விடயங்களை மும்மொழியிலும் எழுதிப் பகிரங்கப்படுத்தலாம். மாணவர் சங்கங்கள் வேகம் போதாது என்று முறையிடுகின்றன, நியாயமே. இந்த இரண்டையும் சேர்த்துக் கேட்குமாறு அவர்களிடம் வேண்டுகின்றேன்.

இறுதியாக, புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து பழைய தொலைபேசிகளை அனுப்பும் உறவுகளுக்கு ஒரு வார்த்தை. அனுப்புவது நல்ல காரியம், நிறுத்த வேண்டாம். ஆனால் பாதுகாப்புப் புதுப்பிப்பு இன்னும் வருகின்றதா என்று பார்த்து அனுப்புங்கள். ஐபோன் என்றால் 7 அல்லது அதற்குப் பிந்தியது மூன்றாம் பதிப்புப் பூட்டையும் அறியும், 6 அறியாது. அனுப்புவதற்கு முன்னர் உங்கள் அப்பிள் கணக்கிலிருந்து முறையாக வெளியேறி, தொலைபேசியை முற்றாகத் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கிளிநொச்சியில் அதைத் திறக்கும் பிள்ளையிடம் அது இலண்டனிலுள்ள உங்களுடைய கடவுச்சொல்லைக் கேட்கும். நீங்கள் அதை மறந்திருப்பீர்கள். அவ்வாறு பூட்டப்பட்டு, எவருக்கும் உதவாமல் அலுமாரியில் கிடக்கும் தொலைபேசிகள் ஸ்கந்தபுரத்து அந்த வீட்டில் மட்டும் இரண்டு இருந்தன.